சேலத்தில் இலவச ஏசி மெக்கானிக் பயிற்சி: அக்கா பையனைச் சேர்த்துவிட்டுப் பார்த்ததில் எழுதுகிறேன்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொடுப்பதற்கு ஐந்துக்கு நாலரை. தங்குமிடம், சாப்பாட்டுக்கு மூன்றரை. வேலை வாங்கிக் கொடுப்பதற்கு இரண்டு, அதுவும் யோசித்துத்தான் போடுகிறேன். மொத்தமாக மூன்று.

மையத்தின் பெயரை எழுதவில்லை. இந்த மாதிரி மையங்களை நடத்துபவர்கள் அரசிடம் சில பேட்ச்களுக்கு ஒப்பந்தம் எடுத்து வருகிறார்கள், முடிந்ததும் போய்விடுகிறார்கள், அதே கட்டடத்தில் அடுத்த வருஷம் வேறு நிறுவனத்தின் போர்டு தொங்கும். அதனால் பெயரைவிட எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஏற்காடு மலையில் பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாராவது படித்தால் போதும் என்று எழுதுகிறேன்.

சும்மா இருக்கும் என்று எழுதிவிட்டேன், ஆனால் அது முழு உண்மை இல்லை. எங்க அக்கா வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். பையன் பிளஸ் டூ முடித்ததிலிருந்து ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. காபி பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட்டுக்குப் போவான், அப்புறம் மிளகு, மே மாதம் கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கம் கடைகளில் கூலிக்கு நிற்பான், மற்ற நாட்களில் சனி, ஞாயிறு மட்டும் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. இப்படிப்பட்ட பையனை அரசாங்கக் கணக்கு வேலையில்லாதவன் என்றே சொல்லாது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களில், வேலை செய்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்து எண்ணினால், வேலையில்லாதவர்கள் 10.2 சதவீதம் என்று வந்தது. அந்தக் கணக்கில் வருஷத்தில் 30 நாள் ஏதோ ஒரு வேலை செய்திருந்தாலே துணை வேலை என்ற வகையில் வேலை உள்ளவர் பக்கம் சேர்த்துவிடுவார்கள். காபி சீசன் ஒன்றே 30 நாளுக்கு மேல் வந்துவிடும். மீதி மாதங்களில் அவன் என்ன சாப்பிட்டான், யாரிடம் கடன் வாங்கினான் என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் இருக்காது. சேர்வராயன் மலையில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

பயிற்சிக்கு எப்படிப் போனோம் என்றால், வட்டார அளவில் நடக்கும் இளைஞர் திறன் திருவிழாவில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அக்கா இருக்கும் மகளிர் குழுவிலும் சொன்னார்கள். திட்டத்தின் பெயர் தீன தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்யா யோஜனா, சுருக்கமாக டி.டி.யு.ஜி.கே.ஒய். 2014ல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஆரம்பித்தது, தமிழ்நாட்டில் மகளிர் திட்டம் மூலமாக நடக்கிறது. 15 முதல் 35 வயது வரை, கிராமப்புறத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். குழுவில் இருக்கும் குடும்பம், நூறு நாள் வேலை பார்த்த குடும்பம் என்றால் சிரமமில்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். பாதி இடம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தங்குவது, சாப்பிடுவது, சீருடை, புத்தகம் எதற்கும் காசு கிடையாது. யாராவது பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேலம் மாநகராட்சிக்குள் குடியிருப்பவர்களுக்கு இது கிடைக்காது, அவர்கள் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் வரும் பயிற்சிகளைத்தான் பார்க்க வேண்டும்.

தங்குமிடம் பரவாயில்லை. ஒரு ஹாலில் கட்டில் போட்டிருந்தார்கள், பாத்ரூம் சுத்தமாகவே இருந்தது. காலையில் இட்லி அல்லது பொங்கல், மதியம் சாதம், சாம்பார், பொரியல், ராத்திரி சப்பாத்தியோ தோசையோ, வாரத்தில் ஒரு நாள் கோழி. ரசம் தண்ணீராக இருக்கும் என்று பையன் சொல்வான், அதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் கஷ்டம். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு சேலத்து வெயில் தாங்காது. மார்ச் மாதக் கடைசியில் சேர்ந்தான், ராத்திரி ஃபேன் காற்றே அனல் மாதிரி வருகிறது என்று போன் செய்தான். பக்கத்துக் கட்டில் பையன் அந்த வெக்கையிலேயே ஊருக்குப் போய்விட்டான். மலைப் பிள்ளைகளை எடுக்கும் பேட்சை ஜூலைக்குப் பிறகு ஆரம்பித்தால் இந்த இழப்பே இருக்காது. கேட்டேன், "மேலிடத்துல இருந்து தேதி வருதுங்க" என்றார்கள்.

இனி வாத்தியார் விஷயம். இதற்காகவே இந்த விமர்சனத்தை எழுதலாம் என்று தோன்றியது. முன்பு சொந்தமாக சர்வீஸ் கடை நடத்திக்கொண்டிருந்தவராம். ஒரு நாள் பையனுக்கு ஆதார் நகல் கொடுக்கப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது, ஓரமாக நின்று பார்த்தேன். தாமிரக் குழாயை கட்டரில் வெட்டிவிட்டு அதன் விளிம்பை விரித்து நட் போட்டு மாட்டும் வேலை. வெட்டியதும் வாயில் சின்னச் சின்னப் பிசிறு நிற்கும், அதை ரீமர் போட்டுச் சுரண்ட வேண்டும். ஒரு பையன் குழாயை நேராகப் பிடித்துச் சுரண்டினான். வாத்தியார் வந்து அவன் கையைப் பிடித்துக் குழாயின் வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். "இப்படிக் கீழ் நோக்கிப் பிடி கண்ணு. தூள் வெளிய விழணும். மேல பார்த்துச் சுரண்டினா தூள் உள்ளே போகும், உள்ளே போனது நேரா கம்ப்ரஸருக்குப் போகும், அது போச்சுன்னா உன் மூணு மாசச் சம்பளம் போச்சு." அப்புறம் இன்னொருவன் விளிம்பை அழகாக விரித்து முடித்துவிட்டு நட்டைத் தேடினான். விரிப்பதற்கு முன்னாலேயே நட்டைக் குழாயில் நுழைத்துவிட வேண்டும், விரித்த பிறகு நுழையாது. வாத்தியார் திட்டவில்லை. அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தார். தாமிரம் விற்கிற விலையில் இப்படித் துண்டு கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்ய விடுகிற இடம் எத்தனை இருக்கும்?

இப்போது வரும் ஏசிகளில் குளிர்விக்க உள்ளே ஏற்றுவது நிறைய ஆர் 32 கேஸ்தான். அது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, பழைய ஆர் 22 போல நினைத்துக்கொண்டு நெருப்பை வைக்கக் கூடாது. கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் பையன் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறான், இரண்டு வருஷமாக அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால், முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேக்கம் பம்ப் ஒன்றுதான். கேஸ் ஏற்றுவதை முக்கால்வாசிப் பேர் வேடிக்கை பார்த்ததோடு சரி. உயரத்தில் நின்று வெளிப்புற யூனிட்டை மாட்டும் வேலைக்கு கயிறு, பெல்ட் கட்டிப் பழக்கவே இல்லை. இந்தத் தொழிலில் உயிர் போகிற இடம் அதுதான், மூன்றாவது மாடியில் சன்ஷேடில் நின்று வேலை செய்கிற பையன்களை ஊரெல்லாம் பார்க்கிறோம், அதைச் சொல்லித் தராமல் சான்றிதழ் கொடுப்பது தப்பு. ஆங்கிலம், கம்ப்யூட்டர் வகுப்புகள் சுமார்தான், ஆனாலும் முன்பின் தெரியாதவர்களிடம் நின்று பேசும் தைரியம் அதில் வந்திருக்கிறது.

கடைசிப் பகுதியில் பிள்ளைகளை ஊரில் இருக்கும் சர்வீஸ் கடைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எங்க பையன் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் இருந்தான். பயிற்சியிலேயே உருப்படியான பகுதி இதுதான், இதை இன்னும் இரண்டு மடங்காக்கலாம். வகுப்பில் பார்க்கிற ஏசி சுத்தமாக மேசை மேல் இருக்கும். வீட்டு ஏசியில் எறும்பு, பல்லி, தூசி எல்லாம் இருக்கும், வீட்டுக்கார அம்மா பக்கத்திலேயே நின்று "எவ்வளவு ஆகும், எவ்வளவு ஆகும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதைச் சமாளிக்க அங்கேதான் கற்றுக்கொண்டான்.

இப்போது வேலைக்கு வருகிறேன். விதிப்படி பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கிக் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்தது என்று எப்போது கணக்கு எழுதுவார்கள் என்றால், மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் வாங்கியதற்கான சீட்டு இருந்தால். மையத்துக்கு அரசு தருகிற பணம் தவணை தவணையாக வருகிறது, அதில் ஒரு பங்கு இந்தச் சம்பளச் சீட்டுகளைக் காட்டினால்தான் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். மூன்றாவது மாதச் சீட்டு கைக்கு வரும்வரை மையத்திலிருந்து தினமும் போன் வரும், "தம்பி நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, விட்டுட்டு வந்துடாத" என்று. அதற்கப்புறம் போன் படிப்படியாக நின்றுவிடும்.

ஏசி மெக்கானிக் படித்த பிள்ளைகளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஏசிக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. லைனில் நின்று ஒரு பாகத்தில் ஸ்க்ரூ முடுக்கும் வேலை, இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால் யாரும் செய்வார்கள். அதற்கு எதற்கு மூன்று மாதம் தாமிரக் குழாய் வெட்டக் கற்றுக்கொண்டான்? ஒரே இடத்தில் முப்பது பேரை மொத்தமாக எடுத்துக்கொள்கிற கம்பெனி என்றால் மையத்துக்கு வேலை சுலபம், முப்பது கடைகளில் ஒவ்வொருவராகச் சேர்த்துவிடுவது கஷ்டம். காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

சம்பளம் 15,500 என்றார்கள். அதில் பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் போகும், அது நியாயமான பிடித்தம், அவன் பெயரில் சேருகிற காசு, மருத்துவத்துக்கும் உதவும். அதற்கு மேல் ரூம் வாடகை, மெஸ், முதல் மாதம் ஷூ, சீருடை. கையில் பத்தாயிரம்கூட வரவில்லை. அந்த முதல் சம்பளமும் வேலையில் சேர்ந்து நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது, அதுவரை செலவுக்கு அக்கா குழுவில் கடன் வாங்கி அனுப்பினாள். திட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும். வந்தது, ஆனால் ரொம்பத் தாமதமாக, தேவை முடிந்த பிறகு.

அனுப்பியவர்களில் நிறையப் பேர் சில மாதங்களில் திரும்பிவிட்டார்கள். ஒருவனுக்கு டைபாய்டு, ரூமில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஒருவன் வீட்டில் காபி அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எங்க பையனுக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட். மையத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார், "மலைப் பசங்க நிலைச்சு நிக்க மாட்டாங்க சார்." அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல. விடியற்காலை எழுந்து செங்குத்தான சரிவில் நின்று நாள் முழுக்கக் காபி பழம் பறிக்கிற பிள்ளை நிலைத்து நிற்க மாட்டானா? கையில் காசு இல்லாமல், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், படித்த வேலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் யார்தான் நிற்பார்கள்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திரும்பி வருகிற பிள்ளைக்காக வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் முன்பணத்தைக் கையில் கொடுத்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் ஆந்திர போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தமிழ்நாட்டு ஆட்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தவர். அவர்களில் யாருக்காவது உள்ளூரிலேயே மாதச் சம்பளம் இருந்திருந்தால் அங்கே போயிருப்பார்களா? புரோக்கர் முன்பணம் கொடுக்கிறான், அரசாங்கத் திட்டம் நாற்பது நாள் கழித்துக் கொடுக்கிறது. வேலைக்கு அனுப்புகிற அன்றே முதல் மாதச் செலவுக்கான பணத்தைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடுங்கள், பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

நல்ல உதாரணமும் அதே மையத்தில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மருத்துவமனை உதவியாளர் பயிற்சி நடந்தது. வாழப்பாடி, ஏற்காடு பக்கத்துப் பெண்கள். அவர்களை வெளியூருக்கு அனுப்ப வீட்டில் விடவில்லை, அதனால் வேறு வழியில்லாமல் சேலத்திலேயே தனியார் மருத்துவமனைகளில் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் ஸ்ரீபெரும்புதூரைவிடக் குறைவுதான். ஆனால் கற்றுக்கொண்ட வேலை, லீவு நாளில் பஸ் ஏறினால் வீடு. எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லாரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி மேலே நர்சிங் படிக்கப் பணம் சேர்க்கிறாள்.

எங்க பையன் திரும்பி வந்ததும் பயிற்சிக்கு இருந்த அந்த ஐந்து ரோடு கடைக்கே போய் நின்றான். கடைக்காரர் எடுத்துக்கொண்டார். "பங்குனி, சித்திரையில உன்னை ஒரு நாள் விட மாட்டேன் தம்பி, ஐப்பசி, கார்த்திகையில வேலை இருக்காது, அப்ப ஊருக்குப் போய்க்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நேர்மையான பேச்சு. பாருங்கள், ஏசி வேலை குறைகிற சமயத்தில்தான் மலையில் காபி பழம் பழுக்க ஆரம்பிக்கும், இரண்டும் பொருந்துகிறது. இன்னொன்றும் அவனே கண்டுபிடித்தான். ஏற்காட்டில் ஏசி அதிகம் கிடையாது, ஆனால் லாட்ஜ், ஹோட்டல் எல்லாவற்றிலும் ஃபிரிட்ஜ், ஐஸ்கிரீம் ஃப்ரீசர், கீசர், வாஷிங் மெஷின் இருக்கிறது. ஏதாவது பழுதானால் கீழே சேலத்திலிருந்து ஆள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்பார்கள், சொன்ன நாளில் வரவும் மாட்டார்கள். மலையிலேயே இருக்கிற மெக்கானிக் ஒருவனுக்கு வேலை நிச்சயம். கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ், வேக்கம் பம்ப், குழாய் விளிம்பை விரிக்கும் ஃபிளேரிங் செட் எல்லாம் சேர்த்தால் இருபதாயிரத்துக்குள் முடியும் என்கிறான், மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்ற சிறு கடன் 50,000 வரை தருகிறார்கள், அதைக் கேட்கப் போகிறோம். சொந்தமாகத் தொழில் ஆரம்பிக்கிற எண்ணம் இருப்பவர்கள் மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயதொழில் பயிற்சி நிலையத்தையும் போய்ப் பாருங்கள், அங்கேயும் பயிற்சி, சாப்பாடு இலவசம், முடித்த பிறகு இரண்டு வருஷம் தொடர்பில் இருந்து கடன் வாங்கவும் வழிகாட்டுவார்கள்.

வீட்டில் இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்க முடியும் என்றால் என் ஓட்டு அரசு ஐ.டி.ஐ.க்குத்தான். சேலத்தில் அய்யந்திருமாளிகையில் இருக்கிறது. ஏசி டெக்னீசியன் பிரிவு இரண்டு வருஷப் படிப்பு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். சான்றிதழுக்கு வெளிநாட்டில்கூட மதிப்பு. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. ஆனால் அப்பா இல்லாத வீட்டில், கடன் கட்ட வேண்டிய வீட்டில் இரண்டு வருஷம் என்பது பெரிய காலம், அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று மாதப் பயிற்சிதான் கதி, அதனால்தான் அது சரியாக நடக்க வேண்டும் என்று கத்துகிறேன்.

சேருவதற்கு முன்னால் மையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். போன பேட்சில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று கேட்காதீர்கள், அதற்குப் பளிச்சென்று பதில் வரும். ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருப்பவர்கள் யார், அவர்களில் இரண்டு பேரிடம் போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். எந்த ஊரில் வேலை, படித்த வேலையா, ரூம் வாடகை யார் கட்டுவது என்று கேளுங்கள். வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் அதில் அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், என்று இருக்கிறதா பாருங்கள். அப்ரண்டிஸ் என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, காலம் முடிந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் கிடையாது. கற்றுக்கொள்ள நல்ல வழிதான், ஆனால் நிரந்தர வேலை என்று சொல்லி அனுப்பினால் அது வேறு.

ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், குழு அல்லது நூறு நாள் அட்டை, அப்புறம் இனச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது, பயிற்சி அறிவிப்பு வந்த பிறகு அதற்கு அலைந்தால் இடம் போய்விடும். பிள்ளை பத்தாவது படிக்கும்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.